முழங்கால் வலிக்குக் காசு கொடுத்து வைத்தியமா? போகுமுன் ஒரு கணக்கு

காலையில் பெரட்டுக்கு வரும்போதே முழங்காலைத் தடவிக்கொண்டு வருகிற தாய்மார்களை எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் நாம் காண்கிறோம். மலையில் ஏறும்போது அவ்வளவாகத் தெரியாத வலி, கூடை நிறைந்து நிறுவைக்கு இறங்கும்போது உயிரை எடுக்கிறது. ராத்திரியில் புரண்டு படுக்க முடிவதில்லை. விடிந்ததும் பைப்படிக்குப் போவதற்கு முன் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. "வயசாயிருச்சு, இனி என்ன செய்யறது" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலரிடம் யாராவது வந்து, "டவுன்ல ஒரு பெரிய டொக்டர் இருக்காராம், ஒரே ஊசியில சரியாக்கிடுவாராம்" என்று சொல்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை வேன் பிடித்தாகிவிடுகிறது. காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தோடு அடகுக் கடையில், அல்லது தீபாவளி முற்பணம் அதற்கே போய்விட்டது.

தனியார் வைத்தியத்துக்கு நாம் எதிரிகள் அல்லர். சில வேளைகளில் காசு கொடுத்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம் என்பதையும் பின்னால் சொல்லப்போகிறோம். ஆனால் என்ன வியாதி என்றே தெரியாமல், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று கேட்காமல் போவதால் எத்தனை வீடுகள் கடனில் விழுந்திருக்கின்றன என்பதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறோம்.

எமக்குத் தெரிந்த ஒரு தாய், வயது 52. இரண்டு முழங்காலும் வலி. டவுனில் சனல் பண்ணிப் பார்த்தார். முழங்காலுக்குள் ஊசி போட்டார்கள். ஆறு வாரம் நன்றாக இருந்தது. "நல்ல மருந்து" என்று மற்றப் பெண்களுக்கும் சொன்னார். பிறகு வலி திரும்பி வந்தது. மறுபடி ஊசி, மறுபடி சில வாரம். மூன்றாம் தடவை அதைவிட விலை கூடிய ஊசி ஒன்று. சீனி வருத்தம் உள்ளவர் அவர். ஊசி போட்ட நாட்களில் சீனி ஏறி மயக்கமும் வந்தது. ஏழு மாதத்தில் தோடும் போய், மகனின் சீட்டுக் காசும் போன பிறகு, தோட்டத்து வைத்திய உதவியாளரிடம் துண்டு வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனார். அங்கே நாற்காலியில் இருந்தவர் டவுனில் பார்த்த அதே டொக்டர். "ஐயா, நீங்க இங்கயும் பார்ப்பீங்கன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டாராம். "நீங்க கேட்கலியே அம்மா" என்றாராம் அவர்.

இதில் டொக்டரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. நாம் கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் நாட்டில் 1977ஆம் ஆண்டு முதல் அரசாங்க வைத்தியர்கள் கடமை நேரம் முடிந்த பிறகு தனியாகவும் பார்க்க அனுமதி உண்டு. ஆகவே பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணிப் பார்க்கிற விசேட வைத்திய நிபுணர், பெரும்பாலும் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக் நடத்துகிறவர்தான். கை ஒன்று, படிப்பு ஒன்று. காசு கொடுத்தால் கிடைப்பது முதலில் நேரம்: மாதக்கணக்கில் காத்திராமல் இந்த வாரமே பார்க்கலாம், கொஞ்சம் கூடுதலாகப் பேசலாம். அடுத்தது, பரிசோதனைகளை உடனே செய்துகொள்ளலாம். மருந்து வேறு மருந்து அல்ல. இது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வலி எல்லாம் ஒரே வலி அல்ல

மூட்டு வலி என்று ஒரே பெயரில் சொன்னாலும், உள்ளே இருக்கிற வியாதி பலவகை. எங்கே போவது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

எமது மலைகளில் அதிகம் காண்பது தேய்மானம். எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க மூட்டுக்குள் வழுவழுப்பான குருத்தெலும்பு ஒன்று இருக்கிறது. வருஷக்கணக்கில் பாரம் சுமந்து சரிவில் ஏறி இறங்கினால் அது தேய்கிறது. மூட்டைப் பிடிக்க வேண்டிய தொடைத் தசையும் பலம் குறைந்துவிடுகிறது. நடக்கும்போது முழங்காலில் விழுகிற பாரம் உடம்பின் நிறையைப் போல் ஒரு மடங்கு அல்ல, பல மடங்கு. இறங்கும்போது இன்னும் கூடும். உடம்பு 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய 4 கிலோ பாரம் குறைகிறது என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். முதுகில் 10 கிலோ கொழுந்து ஏறினால் முழங்காலுக்கு எவ்வளவு ஏறும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தேய்மான வலி வேலை செய்தால் கூடும், ஓய்ந்தால் குறையும். காலையில் பிடிப்பு இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். இதற்கு அவசரம் இல்லை. இது ஒரே நாளில் வந்தது அல்ல, ஒரே ஊசியில் போகவும் போகாது.

இரண்டாவது வகை முடக்குவாதம். சில ஊர்களில் சரவாங்கி என்று சொல்வார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. முப்பது நாற்பது வயதிலேயே வரும். இரண்டு கைகளிலும் விரல் கணுக்களும் மணிக்கட்டும் ஒரே மாதிரி வீங்கும். காலையில் கை மடங்காது, அந்தப் பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். கொழுந்து கிள்ளவே முடியாமல் "இன்னைக்கு அரைப்பேர்தான்" என்று ஆகிவிடும். தேய்மானத்துக்குப் பொறுத்திருக்கலாம், இதற்குப் பொறுத்திருக்கக் கூடாது. முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம். வெறும் வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு இரண்டு வருஷம் இழுத்தால் விரல்கள் கோணிவிடும். கோணிய விரலை மருந்து நிமிர்த்தாது.

ஒரே மூட்டு, அதுவும் திடீரென்று சிவந்து, தொட முடியாமல் சுட்டு, கூடவே காய்ச்சலும் குளிரும் இருந்தால் அது சனல் பண்ணி நம்பர் எடுத்துக் காத்திருக்கிற விஷயமே அல்ல. மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அன்றைக்கே பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாமல் வரும். பிள்ளைகளுக்குத் தொண்டை வலி வந்து போய் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு மூட்டு மாறி இன்னொரு மூட்டு வீங்கினாலும் தாமதிக்க வேண்டாம். அது இருதயத்தைப் பிடிக்கிற வாதக் காய்ச்சலாக இருக்கலாம்.

ஆண்களில் சிலருக்கு, முக்கியமாகக் குடிக்கிறவர்களுக்கு, ராத்திரியோடு ராத்திரியாகக் கால் பெருவிரல் வீங்கிப் போர்வை பட்டாலும் கத்துகிற மாதிரி வலி வரும். அது கவுட். இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுவதால் வருவது. அதற்கும் மருந்து உண்டு, அரசாங்கக் கிளினிக்கிலேயே பார்க்கலாம்.

முதல் படி டிஸ்பென்சரி

தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போவதைச் சிலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். "அங்க என்ன, பனடோல்தான் கொடுப்பாங்க" என்கிறார்கள். உண்மையைச் சொன்னால் தேய்மான வலிக்கு முதலில் கொடுக்க வேண்டியதும் பெரிதாக வேறொன்றும் இல்லை. பனடோல் 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு தடவைக்கு இரண்டு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களும் தினமும் குடிக்கிறவர்களும் வைத்திய உதவியாளரைக் கேட்காமல் அதையும் போடக் கூடாது. மேலே தடவுகிற வலிக் களிம்பும் உதவும்.

ஆனால் டவுன் பாமசியில் துண்டு இல்லாமல் கேட்டு வாங்குகிற டைக்குளோபெனாக், புரூபன் போன்ற வலி மாத்திரைகளில் கவனம் வேண்டும். வெறும் வயிற்றில் மாதக்கணக்கில் போட்டால் குடல் புண்ணாகி இரத்தம் கசியும், பிறஷர் ஏறும், சிறுநீரகம் கெடும். காய்ச்சலோடு மூட்டு வலி வந்தால் இந்த மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தப் பெருக்கு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சல் வலிக்குப் பனடோல் மட்டும்.

டிஸ்பென்சரியில் வாங்க வேண்டிய முக்கியமான பொருள் மருந்து அல்ல, துண்டு. அந்தத் துண்டோடுதான் பிரதேச வைத்தியசாலைக்கும், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கும் வழி. எலும்பு டொக்டரின் கிளினிக் நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. ஹட்டன் பக்கத்தவர்களுக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை 2017இல் புதிய கட்டடத்தோடு திறக்கப்பட்ட பின் முன்னைவிட வசதி. முடக்குவாதம் என்று சந்தேகம் இருந்தால் எலும்பு டொக்டரிடம் அல்ல, ருமட்டோலஜி கிளினிக்குக்கு என்று துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த ஒரு சொல் மாறியதால் ஆறு மாதத்தை வீணாக்கியவர்கள் உண்டு. எந்தக் கிழமை எந்தக் கிளினிக் என்பதைப் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போனால் ஒரு பேர் மிச்சம்.

பேர்க் கணக்கு

தனியாரிடம் போவதென்றால் செலவை ரூபாவில் போடாதீர்கள், பேரில் போடுங்கள். டொக்டரின் கட்டணம் வேறு, ஆஸ்பத்திரிக் கட்டணம் வேறு, இரண்டும் சேர்ந்துதான் சனல் பில். எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை தனி. மருந்து தனி. வேன் அல்லது பஸ் செலவு, சாப்பாடு, அன்றைக்கு உங்களுக்கு இல்லாமல் போகிற பேர், கூட வருகிறவருக்கு இல்லாமல் போகிற பேர். எல்லாவற்றையும் கூட்டி உங்கள் ஒரு நாள் சம்பளத்தால் பிரித்துப் பாருங்கள். "இந்த ஒரு பயணம் எனக்கு எத்தனை பேர்?" என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கு அது அரை மாதக் கொழுந்து. பிறகு இதே பயணம் எத்தனை தடவை வரும் என்றும் கேளுங்கள். தேய்மானத்துக்கும் முடக்குவாதத்துக்கும் ஒரு தடவையோடு முடிகிற வைத்தியம் கிடையாது. முதல் பயணத்துக்குக் காசு இருக்கிறதா என்று பார்ப்பது கணக்கே அல்ல.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் ஒரு தடவை காசு கொடுத்துப் பார்ப்பது சரி என்று நாம் சொல்கிற இடம் ஒன்று உண்டு. விரல் கணுக்கள் வீங்கி, காலைப் பிடிப்பு மணிக்கணக்கில் நின்று, கிளினிக் நாளோ இரண்டு மூன்று மாதம் தள்ளி இருந்தால், வாத நோய் நிபுணரை ஒரு தடவை சனல் பண்ணிப் பார்ப்பதில் தப்பில்லை. அங்கே வியாதி என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள், மருந்தைத் தொடங்குங்கள். வெளியே வருமுன் ஒரு கேள்வி: "ஐயா, நீங்க எந்த அரசாங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க? அங்க வந்து தொடர்ந்து காட்டலாமா? ஒரு கடிதம் தாங்க." வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலான டொக்டர்மார் தருவார்கள். தராவிட்டால் அந்த மருந்துத் துண்டையும் பரிசோதனைத் தாள்களையும் தோட்டத்து வைத்திய உதவியாளரிடம் காட்டிப் புதுத் துண்டு வாங்குங்கள். முடக்குவாத மருந்தை வருஷக்கணக்கில் போட வேண்டும், அடிக்கடி இரத்தமும் பார்க்க வேண்டும். அதையெல்லாம் காசுக்குச் செய்து எந்தத் தோட்டக் குடும்பமும் நிமிர முடியாது.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற மருந்தில் ஒன்று மெதொட்ரெக்சேட். இதை வாரத்துக்கு ஒரே நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எழுத்துத் தெரியாத தாய்மார் இருந்தால் எந்தக் கிழமை என்று பெட்டியில் பெரிதாக எழுதி, வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்து அந்த நாளில் மட்டும் எடுத்துக் கொடுங்கள். பிள்ளை உண்டாகி இருக்கிறவர்களும், பிள்ளை பெற யோசிக்கிறவர்களும் இந்த மருந்து கொடுக்குமுன்பே டொக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஊசியைப் பற்றி

முழங்காலுக்குள் போடுகிற ஸ்டீரொயிட் ஊசி பொய்யான வைத்தியம் அல்ல. வீங்கி நோகிற காலுக்குச் சில வாரங்கள் நல்ல சுகம் தரும். அந்தச் சில வாரத்தைப் பயன்படுத்தித் தசைக்குப் பயிற்சி செய்தால் பலன் நிற்கும். ஊசியை மட்டும் நம்பி மூன்று மாதத்துக்கு ஒன்றென்று வருஷக்கணக்கில் போட்டால் குருத்தெலும்பே மெலிந்துவிடும். சீனி உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சீனி ஏறும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

"ஜெல் ஊசி" என்று விலை கூடிய ஒன்று இருக்கிறது. இரத்தத்தை எடுத்துச் சுழற்றி அதிலிருந்து பிரித்ததைத் திரும்ப முழங்காலுக்குள் போடுகிற ஊசியும் இருக்கிறது. முதலாவதில் கிடைக்கிற பலன் கொடுக்கிற காசுக்கு ஈடாக இல்லை. இரண்டாவதை வெறும் உப்புத் தண்ணீர் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்து 2021இல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்றில், ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கத்தாருக்கும் வலி குறைந்த அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லை. எலும்புக்குச் சத்து என்று போத்தலில் விற்கிற குளுக்கோசமீன் மாத்திரைகளும் இப்படித்தான். அந்தக் காசுக்கு வீட்டில் முட்டையும் நெத்தலியும் பருப்பும் வாங்கலாம்.

லயத்துக்கே கொண்டு வந்து விற்கிற பெயரில்லாத பைக்கெட் மாத்திரைகளும் தூளும் இதைவிட மோசம். "நாட்டு மருந்து, பக்கவிளைவே இல்லை" என்பார்கள். பத்து வருஷ வலி இரண்டு நாளில் மறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். உள்ளே ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம். மாதக்கணக்கில் போட்டால் முகம் உப்பும், சீனி ஏறும், எலும்பு மெலிந்து சின்னச் சறுக்கலுக்கும் முறியும். நீண்ட நாள் போட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பைக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள். அரசாங்க ஆயுர்வேத வைத்தியசாலைகளை நாம் இதில் சேர்க்கவில்லை. அங்கே போகிறவர்கள் போகலாம், ஆனால் இங்கிலிஷ் மருந்து என்னென்ன போடுகிறோம் என்பதை அங்கேயும் சொல்ல வேண்டும்.

ஆப்பரேஷன் என்று சொன்னால்

தேய்மானம் முற்றி, ராத்திரியும் தூங்க முடியாமல், லயத்து வாசலைத் தாண்டவே முடியாத நிலை வந்தால் மூட்டு மாற்று ஆப்பரேஷன் பற்றிப் பேசுவார்கள். நல்ல ஆப்பரேஷன்தான். முழங்கால் முழுதாக மாற்றியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு 25 வருஷம் வரை அது தாங்குகிறது என்று 2019இல் பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் தனியாரில் அதன் செலவு ஒரு தோட்டக் குடும்பம் தலைமுறைக்கும் கடன்படுகிற செலவு. எக்ஸ்ரேயைப் பார்த்ததும் "மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால் உடனே நாள் குறிக்காதீர்கள். எக்ஸ்ரேயில் தேய்ந்து தெரிகிற எல்லோருக்கும் வலி இருப்பதில்லை. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்த்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாவது டொக்டரிடம் கேட்பது முதல் டொக்டருக்குச் செய்கிற துரோகம் அல்ல.

அரசாங்க ஆஸ்பத்திரியிலும் இந்த ஆப்பரேஷன் நடக்கிறது. காத்திருக்க வேண்டும். பெயரைப் பதியும்போதே, மூட்டுச் சாமான் ஆஸ்பத்திரியில் கிடைக்குமா, நாம் வாங்க வேண்டுமா, வாங்குவதென்றால் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிக்கு இப்போது கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்க வழி செய்திருக்கிறார்கள். ஆப்பரேஷனுக்கு நாள் குறிக்குமுன் அங்கே போய்க் கேளுங்கள். 10 வருஷத்துக்கு மேல் சேமலாப நிதி கட்டியவர்கள் வைத்தியத்துக்காக அதில் 30 வீதம் வரை எடுக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். சட்டத்தில் அப்படி இருப்பது உண்மை, ஆனால் எல்லா வியாதிக்கும் அல்ல, கணக்கில் இருக்கிற தொகைக்கும் எல்லை உண்டு. தொழில் காரியாலயத்தில் கேட்டுவிட்டு நம்புங்கள், கடன் வாங்கிவிட்டுக் கேட்காதீர்கள்.

வேலையில் வழுக்கி விழுந்து முழங்காலில் அடிபட்டவர்களுக்குக் கதை வேறு. அன்றைக்கே கங்காணியிடமும் ஒபீசிலும் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். டிஸ்பென்சரிப் புத்தகத்திலும் "வேலையில் விழுந்தது" என்று எழுத வைக்க வேண்டும். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வலிக்குது என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

டொக்டரிடம் சொல்ல வேண்டியது

"முழங்கால் வலிக்குது" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். டவுன் டொக்டருக்கு எமது மலை தெரியாது. எத்தனை கிலோ சுமக்கிறோம், எவ்வளவு சரிவு, பணிய லயத்துக்கு எத்தனை படி, கக்கூஸ் குந்தி இருக்கிற மாதிரியா என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். முழங்கால் மாற்றிய பிறகு பலருக்குக் குந்தி இருக்க முடியாது. இதை ஆப்பரேஷனுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டு, கக்கூஸுக்குப் போக வழியில்லாமல் தவித்த ஒருவரை நாம் பார்த்தோம். நடுவில் ஓட்டை போட்ட ஒரு பழைய நாற்காலியைக் கக்கூஸுக்கு மேல் வைத்துத்தான் கடைசியில் சமாளித்தார்கள். அதை முதலிலேயே செய்து வைத்திருக்கலாம். ஆப்பரேஷன் வரை போகாத முழங்காலுக்கும் அந்த நாற்காலி நல்ல உதவி.

பழைய எக்ஸ்ரே, மருந்துத் துண்டு, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அதே பரிசோதனைக்கு இன்னொரு தடவை காசு. மருந்தின் வியாபாரப் பெயரோடு சொந்தப் பெயரையும் எழுதச் சொன்னால் ஒசுசலவில் விலை குறைந்ததைக் கேட்டு வாங்கலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால், "இதப் பார்த்தா வைத்தியம் மாறுமாங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சாதாரணத் தேய்மானத்துக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

பயிற்சி என்று பல இடத்தில் சொன்னோமே, அது என்ன என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், ஒரு நாள் பார்த்துப் பழகினால் வீட்டிலேயே செய்யலாம். கண்டிக்குப் பக்கத்தில் திகனையில் புனர்வாழ்வு வைத்தியசாலையும் இருக்கிறது. அதுவரைக்கும் இதைச் செய்யுங்கள். கட்டிலில் மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்து, மற்றக் காலை நீட்டியபடியே ஒரு சாண் உயரம் தூக்கி ஐந்து எண்ணும் வரை பிடித்து மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையிலும் ராத்திரியிலும். பிறகு சுவர் ஓரமாக நாற்காலியைப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். முதலில் ஐந்து தடவை, பழகப் பழகப் பத்து. பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை. அடுத்த நாளும் கூடுதல் வலி நின்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆறு வாரத்துக்கு முன் பலன் தெரியவில்லை என்று விட்டுவிட வேண்டாம், பன்னிரண்டு வாரம் செய்து பாருங்கள்.

மலையில் படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது நோகிற காலை முதலில் வையுங்கள். ஊன்றுகோல் பிடிப்பதென்றால் நோகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். கூடை கழுத்து வரை நிறையும் வரை சுமந்துகொண்டே நிற்காமல், முடிந்த இடத்தில் படங்கை விரித்துக் கொழுந்தைக் கொட்டி வைத்துவிட்டு எடுங்கள். கங்காணிமாரும் இதை வாசித்தால், நிறுவை இடத்தைக் கொஞ்சம் மேலே கொண்டுவர முடியுமா என்று பார்க்கட்டும். மேலே சொன்ன அந்தத் தாய் இப்போது கிளினிக்குக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போகிறார், பயிற்சியும் செய்கிறார். வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் மலைக்குப் போகிறார். தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது.